சடவெல்லாம் ஒண்ணுமில்ல

2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, சட்டினி அரைத்து மூடி வைத்தேன். என் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அன்று அவருக்கு மதியப் பணி என்பதால் காக்கிச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டேன். மகள் எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பெண் என்று இப்போதெல்லாம் அவளை எழுப்புவதில்லை.

அலமாரியின் மேல்தட்டில் பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. ஆவணிக் கடைசியில் கல்யாணம். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்தாயிற்று. இரண்டாவது பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு, அதாவது என் அண்ணனுக்குப் போக வேண்டும். அவருக்குக் கொடுத்த பிறகே மற்றவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் அந்தக் கட்டுகள் ஒரு வாரமாக அங்கேயே இருந்தன. தினமும் தூசி துடைத்தேன்.

ஆறரைக்குக் கோரிப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஷட்டரைத் தூக்கினேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அதற்குள் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகக் காலையில் நான் பார்ப்பதெல்லாம் பசித்திருக்கும் மனிதர்களைத்தான். பசித்தவர்களுக்குச் சிடுசிடுப்பு சீக்கிரம் வரும். அதற்கு இந்த ஊரில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பது அவர்களிடமிருந்து எனக்குத் தெரிந்தது. ஆபீஸ் போகிற ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "எரிச்சலா வருது மேடம்" என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் "கடுப்பாகும்". மேலூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதென்னடியம்மா சள்ளை புடிச்ச வேலையா இருக்கு, எம்புட்டு நேரம் வகுத்தக் காயப்போட" என்பார்கள். சள்ளை என்பது வேலையின் மேலும் வரிசையின் மேலும் காகிதத்தின் மேலும் வருவது. எரிச்சல் யார் மேலும் வரலாம், வெயிலின் மேலும் வரலாம்.

சடவு என்றொரு சொல் இருக்கிறது. அதை என்னிடம் எந்த நோயாளியும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. சில்லறை தரவில்லை என்றால் பயணிக்கு என் கணவர் மேல் கோபம் வரும், சடவு வராது. சடவு வருவதற்கு முதலில் ஒரு உறவு வேண்டும். செய்திருக்க வேண்டியதை நீ செய்யவில்லை, அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் கேட்க மாட்டேன், நீயாக வந்து தெரிந்துகொள்: இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும். எங்கள் ஊரில் கோயில் கமிட்டிக்காரருக்குச் சடவு, மருமகளுக்குச் சடவு, பந்தியில் முதல் இலை கிடைக்காத பெரியப்பாவுக்குச் சடவு. சடைத்துக்கொண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சடவு தீர்க்க வந்தவர் "என்ன சடவு" என்று கேட்பார். "சடவெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். இரண்டாம் முறை கேட்டாலும் அதே பதில்தான். மூன்றாம் முறை கேட்கும்போது எல்லாம் கொட்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரு சடவு இருக்கிறது. அல்லது அன்று காலைவரை இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழரை மணி வாக்கில் சின்னம்மா மகன் வந்தான். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் காய்களை வேனில் ஏற்றி மதுரை மார்க்கெட்டில் இறக்குகிறவன். சர்க்கரை பார்த்துக்கொள்ளும்படி நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசியைக் கண்டால் பயம் என்று நழுவிக்கொண்டே இருந்தான்.

"வந்துட்டேன்க்கா. வெறும் வகுறுதான். டீ மட்டும் குடிச்சேன்."

"டீ குடிச்சா வெறும் வகுறாடா?"

"சக்கர போடல."

"பொய் சொல்லாத."

"சத்தியமாக்கா. கடைக்காரன் சக்கர போட மறந்துட்டான். அவங்கிட்டச் சண்டையே போட்டேன்."

சிரிப்பு வந்தது. டீயில் பால் சேர்ந்ததை ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்ளலாம் என்று அவனை உட்காரவைத்து ரப்பர் பட்டையைக் கட்டினேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பேச்சுக் கொடுத்தால் பயம் தெரியாது என்று எல்லாரிடமும் பேசுவேன். அவனிடம் வாயில் வந்தது அண்ணன்தான்.

"அண்ணனப் பாத்தியா?"

"நேத்துச் சாயங்காலம் பாத்தேன். பத்திரிக அடிச்சாச்சுண்ணே, அக்காவும் மாமாவும் தட்டோட வருவாகன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"வரட்டும்னாரு."

"வேற?"

"டீ குடிக்கிறியான்னாரு."

"என்னையப் பத்திடா."

"அதுக்குத்தான வாரேன். நானே கேட்டேன்க்கா. ஏண்ணே, அக்கா மேல இன்னும் சடவாத்தான் இருக்கியான்னு. 'சடவா? எனக்கா? யாரு மேல? சடவெல்லாம் ஒண்ணுமில்லையேடா'ன்னு சிரிச்சாரு. கல்யாணத்துக்கு வருவேன், நாலு பேரு வார எடத்துக்கு வராம என்ன, காலைல வந்துட்டு மத்தியானம் கெளம்பிருவேன்னாரு. குத்திட்டியா?"

"எடுத்தே முடிச்சாச்சு. எப்புடிச் சிரிச்சாரு?"

"சிரிச்சாருக்கா."

"எப்புடின்னு கேக்குறேன்."

அவன் பஞ்சை அழுத்திக்கொண்டு யோசித்தான். "பேங்க்குல கவுண்டர்ல இருக்கவன் சிரிப்பான்ல, அப்புடி. நல்ல சேதிதானக்கா? சடவு இல்லைன்னுட்டாரே."

நல்ல செய்திதான் என்று அவனை அனுப்பினேன். அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்கு முன் அவன் ரத்தம் இருந்த குழாயில் ஒட்ட வேண்டிய சீட்டைப் பார்த்தேன். அவன் பெயருக்குப் பதிலாக அண்ணன் பெயரை எழுதியிருந்தேன். என் கையெழுத்தில் அப்படி ஒரு சீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்.

என்னை நிலைகுலைய வைத்தது "காலைல வந்துட்டு மத்தியானம் கெளம்பிருவேன்" என்பதுதான். எங்களில் தாய்மாமன் முகூர்த்தத்துக்குக் காலையில் வருவதில்லை. முதல் நாள் சாயங்காலமே ஆட்களோடும் மேளத்தோடும் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார். மண்டபத்து வாசலில் நாங்கள் நின்று அழைப்போம். மறுநாள் அவர் கொண்டுவந்த மாலையை அவர் கையால் போட்ட பிறகுதான் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போவார்கள். காலையில் வருவது விருந்தாளி. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு போகிறவர்கள் காலையில்தான் வருவார்கள். மகளுக்கு ஒரே தாய்மாமன். மாமன் மாலையை யார் போடுவது என்று அவள் என்னிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

சடவு தொடங்கியது முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், வைகாசியில், எங்கள் ஊர்க் கோயில் பொங்கலன்று. அன்று இரவு நாட்குறிப்பில் "ஊருக்குப் போய் வந்தோம். வெயில்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான். பதினோரு மணிக்கு நானும் கணவரும் பைக்கில் போய் அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினோம். அண்ணி பின்கட்டில் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். மிக்சி சத்தத்தில் எங்களைக் கவனிக்கவில்லை. அண்ணன் வாசலில்தான் நின்றார். காதில் போன். போர்வெல் மோட்டார் எரிந்துபோய் அதற்கான ஆளோடு கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். போனோடு தோட்டத்துப் பக்கம் போனார். போனவர் வரவில்லை. என் கணவர் பைக்கின் மேல் கையை வைத்தபடி வெயிலில் நின்றார். மாப்பிள்ளை தானாக உள்ளே போக முடியாது. நான் போய் அண்ணியைக் கூட்டிவருகிறேன் என்றேன்.

"வேணாம். கேட்டு வாங்குற 'வாங்க' நமக்கு வேணாம். ஏறு."

"மோட்டாரு எரிஞ்சுபோச்சு போல. தலையாட்டுனாருல்ல?"

"தலையாட்டுனா கேட்டதா ஆயிருமா? மாடுகூடத்தான் தலையாட்டுது. ஊருல உள்ளவனையெல்லாம் நாள்பூராம் 'வாங்க, உள்ள வாங்க'ன்னு கூப்புடுற ஆளு நான். என்னைய ஒருத்தரும் கூப்புடல. அந்தா கெடக்கு பாரு, வெல்கம்னு எழுதுன மிதியடி. அது ஒண்ணுதான் என்னைய வாங்கன்னு கேட்டுச்சு."

ஏறினேன். மேலூர் வந்து ஒரு கடையில் புரோட்டா சாப்பிட்டோம்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். வாசலில் நிழல் விழுந்ததும் "வாங்க" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் சோறு போடுவதற்கு முந்தின மரியாதை. கேட்கவில்லை என்பதற்காகத் தாலி கட்டுவதற்கு முன் மண்டபத்தைவிட்டு எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு அது இன்னும் கூடுதல். எங்கள் அப்பா கூலிக்கு உழுதவர். நிலம் வைத்திருந்தவர்களின் வாசலில் அவரை யாரும் வாங்க என்று கேட்டதில்லை. "என்ன" என்பார்கள். "அங்கிட்டு நில்லு" என்பார்கள். நானும் அண்ணனும் அவர் பின்னால் நின்றிருக்கிறோம். அப்படி வெளியே நின்றுவிட்டு வந்தவர்கள்தான் எங்கள் தெரு முழுக்க இருந்தார்கள். அதனால் எங்களுக்குள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், அடுப்பில் ஒன்றும் இல்லாத நாளிலும், உள்ளேயிருந்து முதலில் அந்தச் சொல் வந்துவிடும். அண்ணன் வெளிநாட்டில் கம்பி கட்டும் வேலை பார்த்துத் திரும்பி வந்து நிலம் வாங்கி வீடு கட்டினார். அந்த வீட்டு வாசலில் வீட்டு மாப்பிள்ளை வெயிலில் நின்றார் என்பதை நான் எப்படிச் சொல்லித் தேற்றுவேன்.

அண்ணன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதை ஒரு வாரம் கழித்து அண்ணி போனில் சொன்னார். "பொங்கலன்னைக்கு வீட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போயிட்டீக. ஊரே பாத்துச்சு." வந்த வீட்டில் சாப்பிடாமல் போவதும் எங்களிடம் சின்ன விஷயமில்லை. அந்த வீட்டோடு இனி ஒன்றுமில்லை என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம். ஆக, அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சாப்பிடவில்லை. இரண்டு தரப்பும் மற்றவர் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டோம்.

அந்தச் சடவு முதலில் நன்றாக உயிரோடுதான் இருந்தது. அடுத்து வந்த தைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தது: பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. அண்ணன் வரவில்லை. சின்னம்மா மகனின் வேனில் அனுப்பியிருந்தார், ஒரு வாசகத்தோடு. "டவுன்காரவுகளுக்கு நேரமிருந்தா எறக்கிக்கிறச் சொல்லு. இல்லாட்டி மாட்டுக்குப் போட்டுறச் சொல்லு." அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். என் கணவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கரும்பை மாட்டுக்குப் போட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அவர் திட்டியதும் இரண்டு நாளில் வந்து சேர்ந்தது.

இந்த வருஷப் பொங்கலுக்கும் சீர் வந்தது. பார்சல் சர்வீஸில், சாக்குத் தைத்து, முகவரி எழுதி. வாசகம் ஒன்றும் இல்லை. நான் சாக்கை உதறிப் பார்த்தேன். ஆனியில் மகளுக்குப் பூ வைத்து உறுதி செய்தபோது அண்ணி மட்டும் பஸ்ஸில் வந்தார். மரியாதையாகத் தட்டை வைத்தார், சாப்பிட்டார், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அண்ணனைக் கேட்டதற்கு "அவுகளுக்குத் தண்ணி பாய்ச்சுற மொறை" என்றார். குரலில் குத்தல் இல்லை. அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தபோது கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். குழம்பை ஊற்றிக்கொண்டே சின்னம்மா மகன் சொன்னதைச் சொன்னேன்.

"சடவு இல்லையாமா?"

"இல்லையாம். சிரிச்சாராம்."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "மச்சான் அப்புடிச் சொல்ற ஆளில்லையே."

"அதான்."

"திட்டலையா? என்னைய ஒண்ணும் சொல்லலையா? கண்டக்டருக்கு எம்புட்டுக் கொழுப்புன்னு கேக்கலையா?"

"உங்களப் பத்திப் பேச்சே இல்லையாம்."

தன்னைத் திட்டவில்லை என்று ஒரு மனிதர் இவ்வளவு வாடிப்போய் நான் பார்த்ததில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம தட்டோட ரெண்டு பேரும் போவோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பத்திரிகைய வச்சா வாங்காம இருப்பாரா" என்றார்.

"வாங்கிக்கிருவாரு. வாங்க வாங்கன்னு ரெண்டு தடவ கேப்பாரு. நாற்காலி போடுவாரு. காப்பி வரும். எந்திரிச்சு நின்னு தட்ட வாங்குவாரு. கல்யாணத்துக்குக் காலைல வருவாரு."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. அதோட முடிஞ்சுரும்."

அவருக்குப் புரிந்தது. தட்டை வைத்த பிறகு எங்களுக்குள் எந்தக் குறையும் இருக்காது. எல்லாம் முறைப்படி நடந்திருக்கும். அதற்குப் பிறகு நான் போய் என்ன சடவு என்று கேட்டால் அது கிறுக்குத்தனம். கேட்பதானால் தட்டுக்கு முன்னால் கேட்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "நான் மொதல்ல போயி நிக்க மாட்டேன், அது எனக்கு ஆகாது. நீ வேணும்னாப் போ. ஒன்னைய அவரு கேட்டா என்னையக் கேட்ட மாதிரிதான்." செருப்பை மாட்டும்போது, "மிதியடியப் பத்திச் சொன்னத மட்டும் சொல்லிறாத" என்றார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் துணி எடுத்துக்கொண்டிருந்தார். உருது பேசுகிற குடும்பம். நான் லேபில் வேலை பார்ப்பதால் என்னை சிஸ்டர் என்பார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன்.

"எங்க வீட்ல நாராஜ்னு சொல்லுவோம்" என்றார். "எங்க மாமியார் என் மேல நாராஜ் ஆயி ஆறு மாசம் பேசல சிஸ்டர். ஆனா டெய்லி ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு செவுத்தப் பாத்துச் சொல்வாங்க. எனக்குக் கேக்கணும்ல, அதுக்குக் கொஞ்சம் சத்தமா."

"பெறகு?"

"ஒருநாள் ரசம் நல்லா இருக்குன்னாங்க. நான் பயந்துட்டேன். இவர்கிட்ட ஓடிப்போயி, உங்கம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆட்டோ கூப்புடுங்கன்னேன்."

இருவரும் சிரித்தோம். அவர் துணிகளோடு இறங்கிப் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். காய்ந்த புடவையை இரண்டு முறை மடித்தேன். ஓரங்கள் சேரவில்லை. அண்ணனிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சடவு இருக்கிறவரிடம் என்ன சடவு என்று கேட்கலாம். இல்லை என்று சிரிக்கிறவரிடம் கேட்க என்ன இருக்கிறது. அவர் சொன்னது உண்மையாகவே இருந்தால்? இரண்டு வருஷம் காத்திருந்து, யாரும் வராமல், ஒருநாள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது அது அவரிடமிருந்து தானாக இறங்கிப்போயிருந்தால்? காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டு உடம்பைத் தொட்டுப் பார்க்கும்போது அது வேறு விதமாகக் குளிர்ந்திருப்பதை, இந்த நிலையத்துக்கு வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது பார்த்திருக்கிறேன்.

விளக்கேற்றிய பிறகு மகள் பத்திரிகை உறைகளுக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்தாள். நான்கு மூலைகளிலும் தொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் தலை நிமிராமல், "மாமா மொத நாளே வந்துருவாருலம்மா?" என்றாள். அதுதான் அவள் முதல் முறையாகக் கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நிலையத்துக்குப் போன் செய்து மறுநாள் விடுப்புச் சொன்னேன். மாற்று ஆளை நானே ஏற்பாடு செய்தேன்.

வியாழக்கிழமை காலை நான் முதலில் செய்தது ஊருக்குப் போனது. வாசல் தெளிக்கவில்லை. இட்லி ஊற்றவில்லை. மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறி, கொட்டாம்பட்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். கையில் பத்திரிகை இல்லை, பழம் இல்லை. தண்ணீர் பாட்டிலும் குடையும் இருந்த பை மட்டும்.

கேட்டுக்கு வெளியே நின்றேன். அண்ணன் மாட்டுத் தொட்டிக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. அடுப்படி ஜன்னலில் என்னைப் பார்த்த அண்ணி வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அண்ணன் திரும்பினார்.

"என்ன, காலங்காத்தால?" என்றார். சிரித்தார். சின்னம்மா மகன் சொன்ன சிரிப்புத்தான். "பத்திரிகையா? மாப்ள வரலையா?"

"பத்திரிக கொண்டுவரல."

"பெறகு?"

"ஒனக்கு என் மேல சடவு இல்லைன்னு சொன்னியாம்."

"இல்லையே. என்ன சடவு."

"எனக்கு ஒன் மேல இருக்குண்ணே. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார். "எதுக்கு?"

"ஒனக்குத் தெரியும். மாப்ள வெயில்ல நின்னாரு. நீ வாங்கன்னு கேக்கல."

"காதுல போனு இருந்துச்சு. தலைய ஆட்டுனேன்."

"தலையாட்டுனாப் போதுமா? அப்பாவ நிக்க வச்சாகல்ல, அப்ப அவுகளும் தலையத்தான் ஆட்டுனாக."

நான் அதைச் சொல்வதாக இல்லை. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததில் அது இல்லை. அண்ணன் குழாயைக் கீழே போட்டார். அது மண்ணில் நெளிந்து அவர் காலை நனைத்தது.

"யாரோட யாரச் சேக்குற? ஏ, யாரோட யாரச் சேக்குற? போன வச்சுட்டு ஓடியாரேன், பைக்கக் காணாம். தெருமுனை வரைக்கும் ஓடுனேன். கெடா வெட்டுன வீட்டுல இருந்து கை நனைக்காமப் போனது நீ. ஒனக்குன்னு ஈரலத் தனியா எடுத்து வச்சிருந்தேன், சின்னதுலருந்து அதுக்குத்தான உசுர விடுவ. பொழுது சாயிற வரைக்கும் வச்சிருந்தேன். போன் பண்ணி ஒரு வார்த்த சொன்னியா? நாய்க்குப் போட்டேன். நானே கொண்டுபோயிப் போட்டேன். இப்ப வந்து கேக்க வந்துட்டா."

அவர் குரல் அடுத்த வீடுவரை போயிருக்கும். இரண்டு வருஷமாக அந்த ஈரல் அவருக்கு ஆறாமல் இருந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கல்யாணத்துக்குக் காலைல வந்துட்டு மத்தியானம் போயிருவியாம்."

"மொத நாளு வான்னு என்னைய யாரு கூப்புட்டா? பூ வைக்க வான்னு ஒங்க அண்ணிக்குத்தான போனு வந்துச்சு."

"இப்பக் கூப்புடுறேன்."

"தெருவுல நின்னுக்கிட்டா?"

"நீ வான்னு கேட்டாத்தான் உள்ள வருவேன்."

"கேக்க மாட்டேன். நில்லு."

நின்றேன். எதிர் வீட்டில் ஒருவர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணி கதவருகில் வந்து நின்றார். அண்ணன் குனிந்து குழாயை எடுத்தார், முறுக்கி மூடினார், தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டார். கையைத் துண்டில் துடைத்தார். இவ்வளவுக்கும் என் பக்கம் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தவர் படியேறும்போது திரும்பாமலே சொன்னார்.

"வந்து தொலை."

கேட்டைத் திறந்து உள்ளே போனேன்.